தென்னாப்பிரிக்காவில் சைவ முத்திரை: பொட்டலத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

புரட்டாசி நெருங்கிவிட்டால் டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கத்துக் கடைகளில் சோயா மின்ஸும் பருப்பு வகைகளும் முன்வரிசைக்கு வந்துவிடும். மாதம் முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகள் டர்பனில் ஏராளம். காய்கறியும் பருப்பும் வாங்கும்வரை குழப்பம் இல்லை. பொட்டலத்தில் அடைத்த பொருளைக் கையில் எடுக்கும்போதுதான் இது சைவமா, அப்படிச் சொல்வது யார் என்ற கேள்வி வருகிறது.

இந்தியாவில் பார்க்கும் பச்சைப் புள்ளி மாதிரி ஒரு கட்டாய முத்திரை தென்னாப்பிரிக்காவில் கிடையாது. பொருள் முழுச் சைவமாகவே இருந்தாலும் அதை அட்டையில் சொல்லியே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதனால் முத்திரை இல்லாத பொருளையெல்லாம் அசைவம் என்று ஒதுக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு நிறுவனம் "வெஜிடேரியன்" என்று எழுத முன்வந்துவிட்டால், அங்கே சட்டம் குறுக்கே வரும்.

1972-ஆம் ஆண்டின் 54-ஆம் எண் உணவுப்பொருள் சட்டத்தின் கீழ் 2010 மார்ச்சில் வந்த ஆர். 146 என்ற லேபிள் விதிகள்தான் இதற்கு அடிப்படை. சைவர்களுக்கு ஏற்றது என்று சொல்கிறவர், எந்த வகைச் சைவர்களுக்கு என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் பொட்டலங்களில் "லாக்டோ வெஜிடேரியன்", "ஓவோ-லாக்டோ வெஜிடேரியன்" என்றெல்லாம் பார்க்கிறோம். லாக்டோ என்றால் பால் சேரும். ஓவோ என்றால் முட்டை சேரும். இரண்டும் ஒட்டி வந்தால் பாலும் முட்டையும் சேரும். வீகன் என்றால் பால், முட்டை, தேன் எதுவும் கிடையாது.

நம் வீடுகளில் அவசரத்தில் இடறுவது இங்கேதான். "வெஜிடேரியன்" என்ற பெரிய எழுத்தைப் பார்த்ததும் பொட்டலம் கூடைக்குள் போய்விடுகிறது. அதற்கு முன்னால் சின்னதாக நிற்கும் "ஓவோ" கண்ணில் படுவதில்லை. வெள்ளைக்காரர் கணக்கில் முட்டை சைவம்தான், அதனால் சட்டப்படி அதில் தப்பே இல்லை. புரட்டாசிக்கும் காவடி விரதத்துக்கும் முட்டையைத் தள்ளிவைத்து, பால் தயிர் மட்டும் சேர்த்துக்கொள்கிறவர்களுக்குப் பொருந்துவது தனி லாக்டோ அல்லது வீகன். ஓவோ என்று இருந்தால் திருப்பி வைத்துவிடலாம்.

சைவம் என்று எதுவுமே எழுதாத பொருளா? சரி, பின்பக்கம் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டியதுதான். ஒரு பழத் தயிர் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பால், சர்க்கரை, பழம் என்று நல்லபடியாகத் தொடங்கும். கெட்டியாக நிற்பதற்குச் சிலர் ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, சில சமயம் மீனிலிருந்தும் எடுப்பார்கள். ஸ்ட்ராபெர்ரிச் சிவப்பு இ 120 (உணவில் சேர்க்கும் பொருட்களுக்கு இப்படி எண் உண்டு) ஆக இருந்தால் அது கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வரும் கார்மைன். பால் பொருள்தானே என்று நினைத்து வாங்கிய டப்பாவில் இப்படி இரண்டு கண்ணி. பக்கத்திலேயே ஜெலட்டின் சேர்க்காத தயிரும் இருக்கும், தேடி எடுக்க வேண்டும்.

சீஸில் பார்க்க வேண்டியது பாலைத் திரைய வைக்கும் ரென்னெட். கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிரிலிருந்து தயாரிப்பதும் உண்டு. அதனால் லாக்டோ என்று எழுதிய சீஸே நிம்மதி. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் இ 471 செடி எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், அந்தக் குறியீட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் ஜெலட்டின்தான். வூஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் இருக்கும். அதேசமயம் பீஃப் சுவை என்று போட்ட சில சிப்ஸில் இறைச்சி துளியும் இருக்காது!

தனியார் முத்திரைகள் வேறு கணக்கு. வி-லேபிள், பிரிட்டனின் வீகன் சொசைட்டி 1990 முதல் வழங்கிவரும் சூரியகாந்திச் சின்னம், தென்னாப்பிரிக்க வீகன் சொசைட்டியின் சின்னம் ஆகியவை கண்ணில் படலாம். நிறுவனமே விண்ணப்பித்து, சேர்மான விவரங்களைக் காட்டி, ஒப்புதல் வாங்கிப் போட்டுக்கொள்வது இது. வி-லேபிளில் வீகனுக்கு ஒன்று, வெஜிடேரியனுக்கு ஒன்று என்று இரண்டு உண்டு, வெஜிடேரியன் வகையில் முட்டை வரலாம். சின்னத்தோடு இருக்கும் எழுத்தையும் படியுங்கள். யாருடைய ஒப்புதலும் இல்லாமல் வெறும் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் அதை அலங்காரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

டர்பன் கிரே ஸ்ட்ரீட் கடைகளில் வாங்கும் இந்தியச் சரக்கில் பச்சைப் புள்ளி இருக்கும். அது இந்திய விதிப்படி போட்டது: பாலும் தேனும் உள்ளே, முட்டை வெளியே. நம் பழக்கத்துக்கு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகிறது. ஹலால் முத்திரை இங்கே நிறையப் பொருட்களில் இருக்கிறது, ஆனால் ஹலால் கோழிக்கும் அதே முத்திரைதான். யூதர்களின் கோஷர் முத்திரையோடு "பாரெவ்" என்று இருந்தால் இறைச்சியும் பாலும் இல்லை, ஆனால் முட்டையும் மீனும் இருக்கலாம்.

வீகன் பொட்டலத்தின் அடியில் "பால் தடயம் இருக்கலாம்" என்று பார்த்துப் பதற வேண்டாம். ஒரே இயந்திரத்தில் வேறு பொருளும் ஓடுகிறது என்று ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தரும் எச்சரிக்கை அது. முட்டைக்கும் இதே எச்சரிக்கை வரும். கடும் விரதக்காரர்கள் அதை ஏற்பதும் ஒதுக்குவதும் அவரவர் மனசைப் பொறுத்தது.

பெயர் விஷயத்தில் ஒரு வழக்கும் நடந்தது. 2019-இன் பதப்படுத்திய இறைச்சி விதிகளைக் காட்டி, செடிவகைப் பொருட்களுக்கு நக்கெட்ஸ், பில்டாங் (உலர்த்திய இறைச்சி) போன்ற இறைச்சிப் பெயர்களை வைக்கக் கூடாது என்று வேளாண் துறை 2022 ஜூனில் சொன்னது. ஆகஸ்டில் கடைகளிலிருந்து சரக்கைப் பறிமுதல் செய்யப் போவதாக அறிவிப்பு வந்ததும், ஒரு நிறுவனம் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. சண்டை பெயருக்குத்தான். உள்ளே இருக்கும் சோயாவில் ஒரு மாற்றமும் இல்லை.

அட்டையில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று தெரிந்தால் முதலில் கடைக்கோ தயாரிப்பாளருக்கோ எழுதுங்கள். சரியான பதில் வராவிட்டால் நுகர்பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. லேபிள் விதிமீறல் என்றால் நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு, டர்பன்காரர்களுக்கு எதெக்வினி நகராட்சி. பொட்டலத்தை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முன்பக்கம், சேர்மானப் பட்டியல், பேட்ச் எண், கடை ரசீது இவை நான்கும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள்.