பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் நோயாளிகளைப் பார்த்துவரும் மனநல மருத்துவன் நான். "அப்பா கல்ஃபில்தான் இருக்கிறார், லீவு கிடைத்ததும் வருவார்" என்று, அப்பா இறந்ததைப் பிள்ளையிடம் மறைக்கச் சொல்லும் பொய்யை வெவ்வேறு குடும்பங்களின் வாயிலாகக் கேட்டுச் சலித்துப்போனதால் இதை எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன். அண்மையில் அழைத்து வரப்பட்ட இரண்டாம் வகுப்புச் சிறுவனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தும் காரணம் அகப்படவில்லை. சவூதியில் வேலை பார்த்த தந்தை விடுமுறை நாளான வெள்ளியன்றுதான் வீட்டுக்கு போன் செய்வார் என்பதையும், அவர் இறந்து மாதங்கள் ஆகிவிட்டன என்பதையும் வீட்டார் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து உடல் வந்த அன்று பையனைப் பாறசாலையிலுள்ள அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டரே" என்றார் பாட்டி. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, படம் வரையத் தாளைக் கொடுத்ததும், தலை நிமிராமலே பையன் கேட்டான்: "விளையில (தோட்டத்தில்) புதுசா மண்ணு கூட்டிப் போட்டிருக்கே, அதுக்குள்ளதானே அப்பா?" ஏன் வீட்டில் கேட்கவில்லை என்றதற்கு, "பாட்டி அழும்" என்றான்.

சாவைப் பற்றிச் சொன்னால் குழந்தை தாங்காது என்பது பெரியவர்களின் பயமே தவிர வேறில்லை. இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பிடிபடாதுதான். அதனாலேயே ஒரே கேள்வியை நாள்தோறும் கேட்கும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, செத்தவர் திரும்புவதில்லை, உடல் இயங்குவதில்லை, எல்லோருக்கும் சாவு உண்டு என்பது விளங்கத் தொடங்குகிறது. நீங்கள் காரணம் சொல்லாவிட்டால் பிள்ளை தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். 'நான் அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார்' என்று எண்ணும் பிள்ளைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "தூங்குகிறார்" என்று சொல்லிவைத்தால் இரவில் கண்மூடப் பயப்படும். அழுத பிள்ளை ஐந்து நிமிடத்தில் விளையாட ஓடிவிட்டால் மறந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பிள்ளைகள் துக்கத்தைத் தவணை தவணையாகத்தான் அனுபவிக்கிறார்கள்.

பதின்வயதுப் பிள்ளை அழாமல் வீட்டுப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வதைப் பக்குவம் என்று பாராட்டுவதும், துணையை இழந்த முதியவர் சோற்றையும் சர்க்கரை மாத்திரையையும் ஒதுக்குவதை வயதின்மேல் போடுவதும் இதே அலட்சியத்தின் வேறு வடிவங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'துக்கத்தின் ஐந்து கட்டங்கள்' (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) பற்றியும் ஒரு வார்த்தை: மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிய அனுபவத்திலிருந்துதான், பறிகொடுத்தவர்களை வரிசைப்படி அளந்து பார்க்க அவை உதவா.

பிள்ளைக்கு மிக நெருங்கியவர், முடிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்: "அப்பா இறந்துவிட்டார், அவர் உடம்பு இயங்குவது நின்றுவிட்டது, இனி வரமாட்டார், இது உன்னால் நடந்ததல்ல." சாமியிடம் போன கதையை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அடக்கத்துக்கு வருகிறாயா என்று கேளுங்கள். அங்கே என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அழுகை வந்தால் பிள்ளைமுன் தாராளமாக அழுங்கள். "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று தோளைத் தட்டும் மாமாக்களைத் தயவுசெய்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியருக்கும் விஷயத்தைத் தெரிவியுங்கள்.

அன்றாட வாழ்வை முடக்கும் துக்கம் 6 மாதங்களைக் கடந்தும் நீடித்தால், உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய் வகைப்பாடு அதைத் தனிக் கோளாறாகவே கருதுகிறது. மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். "நானும் அப்பாகிட்ட போறேன்" என்று பிள்ளையோ பெரியவரோ சொன்னால் அந்த 6 மாதக் கணக்கையெல்லாம் பார்க்க வேண்டாம். தனியே விடாமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள். இரவு நேரமாக இருந்தால் அரசின் தொலைபேசி மனநல சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.