நிதிச் சீர்திருத்தத் திட்டம் வந்துவிட்டது, சம்பளம் ஏன் வரவில்லை?

போரிலோ நீண்ட குழப்பத்திலோ அரசு நிர்வாகம் நொறுங்கிப்போன நாடுகளில், கருவூலத்தைச் சரிசெய்ய வெளியிலிருந்து பணமும் ஆலோசகர்களும் வருவார்கள். ஆப்கானிஸ்தானில் 2002-ல் உலக வங்கியின் நிர்வாகத்தில் தொடங்கிய மறுசீரமைப்பு அறக்கட்டளை நிதி (பல நாடுகள் போட்ட பணம் ஒரே பையில்) இந்த வகை. லைபீரியாவில் 2005-ல் முக்கிய அலுவலகங்களில் வெளிநாட்டு நிபுணர்களின் இணைக் கையெழுத்தைக் கட்டாயமாக்கிய ஏற்பாடும், சோமாலியாவில் ஆசிரியர், சுகாதாரப் பணியாளர் சம்பளத்துக்குக் கைகொடுக்கும் தொடர்செலவு நிதியும் இதே வகைதான். நோக்கம், தூண்கள், படிநிலைகள் பற்றித் திட்ட ஆவணத்திலேயே பக்கம் பக்கமாக இருக்கிறது. அது இங்கே வேண்டாம்.

இப்படி ஒரு திட்டத்தை நம்பிச் சம்பளமோ பில் தொகையோ வாங்க வேண்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த இடத்தில் காலை வாருகிறார்கள், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கலாம். கடைசிப் பகுதி அவர்களுக்கு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். "இனிமேல் உங்கள் சம்பளம் திட்டத்திலிருந்து வரும்" என்று சொல்வார்கள். பல திட்டங்களில் அப்படி நேராக வருவதில்லை. அரசு முதலில் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அப்புறம் சம்பளப் பட்டியல், கையெழுத்து, வங்கி ஆதாரம் எல்லாவற்றையும் கொடையாளர் (வெளியிலிருந்து பணம் தருபவர்) தரப்பு கண்காணிப்பு முகவர் பார்ப்பார். அவர் தகுதியான செலவு என்று ஒப்புக்கொண்ட தொகை மட்டும் அரசுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆப்கான் நிதியின் தொடர்செலவுப் பிரிவு இப்படித்தான் நடந்தது.

இதில் என்ன சிக்கல்? ஒரு தொலைதூர மாவட்டத்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒரு வரியில் இரண்டு கைநாட்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். இன்னொரு வரியில் அப்பா பெயர் இல்லை. மூன்றாவது வரியில் தேதியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட மறந்திருப்பார்கள். மூவருமே உண்மையான ஆசிரியர்கள், மூவரும் சம்பளம் வாங்கியவர்கள். ஆனால் அந்த மூன்று வரிகளும் தகுதியற்ற செலவு. அந்தப் பணம் நிதி அமைச்சகத்துக்குத் திரும்பாது. அடுத்த மாதம் அமைச்சகம் என்ன செய்யும்? பணத்தை முதலில் தலைநகருக்கும், பேப்பர் சுத்தமாக இருக்கும் மாவட்டங்களுக்கும் விடுவிக்கும். வங்கி இல்லாத, சாலை இல்லாத, கிளார்க் இல்லாத மாவட்டம் கடைசியில் நிற்கும். எங்கே தேவை அதிகமோ அங்கே பேப்பர் மோசமாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், விதியை எழுதியவர்களுக்கும் தெரியும்.

அதனால் கையெழுத்துப் போடும்போது உங்கள் வரியை முழுதாகப் படியுங்கள். பெயர், பணி எண், மாதம், தொகை. வெறும் தாளில் கையெழுத்து வாங்கினால் மறுக்க முடியாத நிலைதான் பல இடங்களில் இருக்கிறது, தெரியும். குறைந்தது அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

"என் பெயர் லிஸ்ட்டில் இருக்கிறது" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த லிஸ்ட்டில் என்பதைத்தான். பெரும்பாலும் மூன்று இருக்கும். பணி நியமன ஆணையத்தின் கோப்பு ஒன்று. உங்கள் துறை வைத்திருக்கும் பணியிடப் பட்டியல் இன்னொன்று. நிதி அமைச்சகத்தின் சம்பளப் பட்டியல் மூன்றாவது. திட்டம் பார்ப்பது மூன்றாவதை மட்டும்தான். முதல் இரண்டில் இருந்து மூன்றாவதில் இல்லையென்றால், வேலை செய்தாலும் நீங்கள் கணக்கில் இல்லை.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் இது எவ்வளவு பெரிய காயம் என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் வேலை செய்தும் அரசின் சம்பளப் பட்டியலில் ஏறாத ஆசிரியர்கள் அங்கே ஏராளம். பெற்றோர் கட்டிய கட்டணத்தில்தான் அவர்கள் பிழைப்பு ஓடியது. 2019 செப்டம்பரில் அரசு ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியது. நல்ல முடிவுதான், பெற்றோருக்கு. பட்டியலில் இல்லாத ஆசிரியருக்கோ கட்டணமும் போனது, சம்பளமும் வரவில்லை.

பட்டியலில் ஏற்றச் சொல்லி விண்ணப்பம் கொடுக்கும்போது, எந்தத் தேதியிலிருந்து ஏற்றுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். "இந்த மாதத்திலிருந்து" என்று வாயால் சொல்வார்கள். ஆணையில் அடுத்த நிதியாண்டின் தொடக்கம் இருக்கும். இடைப்பட்ட மாதங்கள் நிலுவைக் கணக்கில் போகும். நிலுவை பற்றித் திட்டத்தில் என்ன விதி? பல திட்டங்களில் ஒரு தொடக்கத் தேதி உண்டு, அதற்கு முந்தைய எந்தச் செலவையும் அவர்கள் தொடவே மாட்டார்கள். பழைய நிலுவை அரசின் தலையிலேயே இருக்கும், அரசிடம் பணம் இருக்காது.

போலி ஊழியர் வேட்டை

அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான்.

சீர்திருத்தத் திட்டம் வந்தால் போலிப் பெயர்களை நீக்கும் வேலையும் சேர்ந்தே வரும். போலிப் பெயர்கள் நிஜமாகவே உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. கைரேகை இயந்திரத்தோடு ஒரு குழு வரும், சில நாள் இருக்கும், போய்விடும். அந்த நாட்களில் நேரில் நிற்காதவர் போலி. பிரசவ விடுப்பில் இருக்கும் செவிலியர் போலி. பயிற்சிக்குப் போனவர் போலி. சண்டை காரணமாக ஊரைவிட்டு ஓடி வேறு மாவட்டத்துப் பள்ளியில் பாடம் எடுப்பவர், இரண்டு இடத்திலும் போலி. வயதாகி ரேகை தேய்ந்தவர் இயந்திரத்தின் முன் நின்றாலும் போலிதான்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. திட்டத்தின் வெற்றிக் குறியீட்டில் "நீக்கப்பட்ட பெயர்கள்", "மிச்சமான தொகை" என்று கட்டங்கள் இருக்கும். "தவறாக நீக்கி மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள்" என்று ஒரு கட்டம் வைத்த திட்டத்தை நான் பார்த்தது மிகக் குறைவு. சில திட்டங்களில் குறியீட்டை எட்டினால்தான் அடுத்த தவணைப் பணமே வரும். அப்படியிருக்க, நீக்கியவரைத் திரும்பச் சேர்க்க எந்த அதிகாரிக்கு அவசரம்?

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சரிபார்ப்புத் தேதி அறிவித்தவுடன், வர முடியாத காரணத்தைத் தலைமை ஆசிரியர் அல்லது மருத்துவ அதிகாரி கையெழுத்தோடு முன்கூட்டியே கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். அடையாள அட்டையிலும் நியமன ஆணையிலும் பெயர் வேறு வேறு எழுத்தில் இருந்தால், குழு வருவதற்கு முன்பே இரண்டும் ஒருவர்தான் என்று ஒரு சான்று எடுத்துவிடுங்கள். குழு வந்த அன்று யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், இயந்திரம் ஏற்கவில்லை என்று மட்டும் சொல்வார்கள். ரசீது தராமல் ரேகை மட்டும் எடுத்தால் நகராதீர்கள். ஒரு துண்டுச் சீட்டாவது வாங்குங்கள்.

சம்பளம் நின்றுவிட்டால் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: நிறுத்தி வைத்தார்களா, நீக்கினார்களா? நிறுத்தி வைத்திருந்தால் உங்கள் பணி எண் உயிரோடு இருக்கும், பின்தேதியிட்டு நிலுவை கேட்க வழி உண்டு. நீக்கிவிட்டால் பல இடங்களில் புது நியமனமாகத்தான் சேர்ப்பார்கள். பழைய பணிக்காலம் போச்சு. கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டையும் ஒன்றுபோலத்தான் பேசுவார், விடாதீர்கள்.

பணம் கைக்கு வரும் கடைசி அடி

ஆப்கானிஸ்தானில் 2009-ல் சில காவலர்களுக்குச் சம்பளத்தைக் கைபேசி வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுத்தொகை வந்ததும், சம்பளம் உயர்ந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதுவரை மேலே இருந்தவர்கள் எடுத்தது போக மீதியைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள். காங்கோவில் 2005-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் குழுவும், ராணுவச் சம்பளம் தளபதிகள் கைவழியே போவதைப் பிரித்து வேறு வழியில் கொடுப்பதையே முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது.

அதனால் நேரடிக் கொடுப்பனவு நல்லதுதான். ஆனால் தலைநகரில் வேலை செய்வது மாவட்டத்தில் செய்யாது. கைபேசிப் பணத்தை ரொக்கமாக மாற்றித் தரும் முகவரிடம் கையிருப்பு இருக்காது, "நாளைக்கு வா" என்பார். வங்கிக் கிளைக்குப் போய்வர ஆகும் பேருந்துச் செலவும் தங்கும் செலவும் சம்பளத்தைத் தின்னும். சிம் கார்டு உறவினர் பெயரில் இருந்தால் கணக்கும் அவருடையதுதான். சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ரகசிய எண்ணை மேலதிகாரி கேட்டாலும் தராதீர்கள்.

சிறு கான்டிராக்டர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவமனைக்கு அரிசியோ மருந்தோ தருகிறீர்கள், கையால் எழுதிய ஆர்டர் ஒன்று கொடுக்கிறார்கள். கணினி வழி நிதி மேலாண்மை வந்த நாட்டில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. உங்கள் ஆர்டருக்கான செலவு அந்தக் கணினியில் முன்பதிவாகி, அது தரும் எண் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் ஆறு மாதம் கழித்து, "சிஸ்டத்தில் இல்லையே" என்று கருவூலம் கையை விரிக்கும். எண் வராமல் ஒரு மூட்டைகூட இறக்காதீர்கள். எண் இருந்தும் பில் பாஸ் ஆகி பணம் வராமல் கிடக்கும், அது வேறு கதை. கையில் இருக்கும் ரொக்கத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நாடுகளில், வரிசை முறை என்று ஒன்று எழுதியிருந்தாலும் தாழ்வாரத்தில் தினமும் நிற்பவருக்குத்தான் முதலில் பணம் போகும்.

எங்கே முறையிடுவது?

திட்ட அலுவலகம் சொல்லும்: நீங்கள் அரசு ஊழியர், உங்கள் துறையைக் கேளுங்கள். துறை சொல்லும்: நாங்கள் பெயரை அனுப்பிவிட்டோம், நிதி அமைச்சகம்தான். நிதி அமைச்சகம் சொல்லும்: கொடையாளர் பணம் விடவில்லை. கொடையாளர் அலுவலகம் சொல்லும்: அரசின் பணியாளர் விவகாரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை. நாலு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல்.

உலக வங்கித் திட்டங்களில் 2018 முதல் நடப்பில் உள்ள சமூகத் தரவிதிகளில் தொழிலாளர் பாதுகாப்புப் பகுதி ஒன்று உண்டு. படித்துவிட்டு நம்பிக்கையோடு போகாதீர்கள். திட்டத்தோடு தொடர்புள்ள வேலை செய்யும் அரசு ஊழியர்களுக்கு அவர்களுடைய பழைய அரசுப் பணி விதிகளே தொடரும் என்று அதிலேயே இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர், கட்டாய உழைப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவை தவிர மற்றது உங்களுக்குப் பொருந்தாது. அதனால் உழைப்பாளர் என்ற பெயரில் போகாமல், திட்டத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற பெயரில் போங்கள்.

முதலில் திட்டத்தின் சொந்தக் குறைதீர்ப்பு ஏற்பாடு. திட்ட மதிப்பீட்டு ஆவணத்தில் அதற்கான பத்தி இருக்கும், ஆவணம் வங்கியின் இணையதளத்தில் கிடைக்கும். திட்டத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்தது வங்கியின் குறைதீர்ப்புச் சேவை. பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கும் மேலே வங்கியின் ஆய்வுக் குழு (Inspection Panel) இருக்கிறது, 1993-ல் வந்தது. தனியாள் போக முடியாது, குறைந்தது இரண்டு பேர் வேண்டும். வங்கி அதிகாரிகளிடம் முதலிலேயே முறையிட்டிருக்க வேண்டும். திட்டம் மூடிய 15 மாதத்துக்குள் போக வேண்டும். டெண்டர், கொள்முதல் புகாரை அவர்கள் எடுக்கமாட்டார்கள்.

எழுதும்போது கண்ணீரைக் குறைத்து, பணி எண், மாதம், தொகை, யார் என்ன பதில் சொன்னார் என்பதைத் தேதியோடு போடுங்கள். இன்னொரு வழி. பெஃபா (PEFA) என்று ஒரு மதிப்பீடு உண்டு. நாட்டின் நிதி நிர்வாகத்துக்கு ஏ முதல் டி வரை மதிப்பெண் போடும். 2016 வடிவத்தில் 31 குறியீடுகள்: 22-வது நிலுவைத் தொகை, 23-வது சம்பளப் பட்டியல் கட்டுப்பாடு. "என் சம்பளம் வரவில்லை" என்பதற்கு அசையாத அதிகாரி, "23-வது குறியீட்டில் இது பிரச்சினையாகும்" என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு

ஒருவர் சம்பளத்தை நிறுத்துவதற்கு முன் அவருக்கு அறிவிப்பு கொடுக்கும் விதியை முதல் மாதமே எழுதி வாங்குங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது. தகுதியற்ற செலவென்று கொஞ்சம் போகும் என்று ஆரம்பத்திலேயே கணக்கில் ஒதுக்குங்கள், அதை மாவட்டத்தின் மீது தள்ளாதீர்கள். மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் என்ற கட்டத்தைக் குறியீட்டில் வையுங்கள். உகாண்டாவில் 1991-95 காலத்தில் பள்ளிகளின் சம்பளம் அல்லாத செலவுக்கென்று மத்தியிலிருந்து போன நிதியில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளை எட்டியது என்று ஓர் ஆய்வு காட்டியது. அதன்பிறகு எவ்வளவு பணம் அனுப்பினோம் என்பதைச் செய்தித்தாளிலும் பள்ளிச் சுவரிலும் போடத் தொடங்கினார்கள். நிலைமை பெரிதும் மாறியது. உங்கள் திட்டத்திலும் பள்ளிவாரியாக, மருத்துவமனைவாரியாகத் தொகையைச் சுவரில் ஒட்டுங்கள். ஆயுதக் குழுக்கள் நடமாடும் இடத்தில் ஆட்களின் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள்.

அப்புறம் திட்டம் மூடும் தேதி. அதற்குப்பின் கணக்குச் சமர்ப்பிக்க வழக்கமாக நான்கு மாதம் தருவார்கள், ஆனால் மூடும் தேதிக்கு முன் ஏற்பட்ட செலவுக்கு மட்டும். கடைசி மூன்று மாதச் சம்பளம் தாமதமாகும் என்று தெரிந்தால், தலைநகரில் இறுதி அறிக்கை எழுத உட்காரும் முன் மாவட்டப் பட்டியல்களை வரவழையுங்கள். நிறுத்தி வைத்த பெயர்களில் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் ஒரு முடிவு போட்டு நிதி அமைச்சகத்திடம் ஒப்படையுங்கள். அலுவலகத்தைக் காலி செய்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.