சார்ஜ் போட்டால் மட்டும் வரும் பேய்

ஒரு வாசகரின் கேள்வி: "போனைச் சார்ஜில் போட்டபடி டைப் செய்தால் எழுத்துகள் தானாக விழுகின்றன. கேட்காமலேயே யாருக்கோ கால் போகிறது. வயரைப் பிடுங்கினால் சரியாகிவிடுகிறது. கடையில் ஃபோல்டர் (டச்சோடு சேர்ந்த முழுத் திரை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?"

மாற்றாதீர்கள். விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வயரைப் பிடுங்கினால் சரியாகிறது என்றால் முதல் சந்தேகம் சார்ஜர் மேல்தான் விழ வேண்டும். போனோடு வந்த சார்ஜரையோ தெரிந்தவரின் நல்ல சார்ஜரையோ கேபிளோடு சேர்த்துக் கடன் வாங்கி ஒரு நாள் போட்டுப் பாருங்கள். பேய் போய்விட்டால் விஷயம் சில நூறு ரூபாயில் முடிந்தது. இந்தக் கோளாறுக்கு 'கோஸ்ட் டச்' என்றே பெயர். பெயரில் பேய் இருந்தாலும் அது வருகிற வழி சுத்தமான இயற்பியல். டச் ஸ்கிரீனைப் பற்றி எழுதக் கிடைப்பவற்றில் இதைவிட ருசியான பகுதி வேறில்லை.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். இரண்டு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்பான் இருந்தால் அது மின்தேக்கி. பள்ளியில் படித்ததுதான். போன் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பிகள் போல, இண்டியம் டின் ஆக்ஸைடு என்ற ஒளிபுகும் கடத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டிருப்பார்கள். கோட்டுக்குக் கோடு சுமார் 4 மி.மீ. இடைவெளி. கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு குட்டி மின்தேக்கி. ஒரு போனில் இப்படி ஏறக்குறைய 500 சந்திப்புகள் இருக்கும். ஒரு திசைக் கோடுகளில் சில லட்சம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சிக்னல் அனுப்புவார்கள். மறு திசைக் கோடுகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். விரல் வைத்தால் அந்த இடத்தில் சிக்னலில் ஒரு துளி விரல் வழியே ஒழுகிப் போகிறது. கேட்கும் கோட்டுக்கு வருவது குறைகிறது. மின்தேக்குத் திறனில் குறைவது ஒரு பிக்கோஃபாரடுக்கும் கீழே. அதை அளந்து, பக்கத்துச் சந்திப்புகளோடு சராசரி பார்த்து, விரல் எங்கே என்பதை மி.மீ. கணக்கில் சொல்லிவிடுகிறது டச் ஐசி என்ற சில்லு. இந்தச் சுற்று நொடிக்கு 60 முதல் 240 முறை நடக்கிறது.

நம்ப முடியாவிட்டால் ஒரு 5 ரூபாய் நாணயத்தைத் திரையில் மெதுவாக வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இப்போது நாணயத்தின் மேல் விரலை வையுங்கள். உடனே டச் விழும். திரை தேடுவது உலோகத்தை அல்ல, சிக்னல் ஒழுகிப் போக ஒரு வழியை. அந்த வழி உங்கள் உடம்பு.

இந்த வகைத் திரையைப் பற்றி 1965-இல் முதலில் எழுதியவர் இங்கிலாந்தில் மால்வெர்ன் ரேடார் ஆய்வு நிலையத்தின் ஈ.ஏ. ஜான்சன், அவர் மனதில் இருந்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. அடுத்து, 1970-களில், ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஒரு துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காக பென்ட் ஸ்டும்பே கண்ணாடியில் மின்தேக்கிகளைப் பொறித்துச் செய்தார். இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. புரோட்டானை மோதவிட்டு நமக்கு என்ன லாபம், அந்தப் பணத்தில் வேறு எதையாவது செய்யலாமே என்று கேட்பவர்கள் அந்தக் கேள்வியை எதில் டைப் செய்கிறார்கள் என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

இனி பேய்க்கு வருவோம்.

சார்ஜருக்குள் 230 வோல்ட் ஏசி முதலில் டையோடுகள் வழியாகச் சுமார் 325 வோல்ட் டிசியாகிறது. அதை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை, பல சார்ஜர்களில் 65 ஆயிரம் முறை வாக்கில், வெட்டி வெட்டி ஒரு சுண்டுவிரல் அளவு டிரான்ஸ்ஃபார்மருக்குள் விடுகிறது. மறுபக்கச் சுருளில் 5 வோல்ட் கிடைக்கிறது. இரண்டு சுருள்களுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது; இன்சுலேஷன் டேப் மட்டும்தான். ஆனால் இரண்டு செம்புச் சுருள்கள், நடுவில் காப்பான் என்றால் அதுவும் ஒரு மின்தேக்கிதானே? யாரும் விரும்பி வைக்காத மின்தேக்கி. அதன் வழியே, உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் குதிக்கும் குதியில் ஒரு பங்கு வெளிப்பக்கத்துக்குக் கசிகிறது. அப்போது வெளியே வரும் பிளஸ், மைனஸ் இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே எப்போதும் போல 5 வோல்ட்தான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலும் 5 வோல்ட் காட்டும். "சார்ஜர் நல்லாத்தான் இருக்கு" என்று கடைக்காரர் சொல்வது இதனால்தான்.

ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறி இறங்கும்போது பரிசலும் அதில் இருப்பவர்களும் சேர்ந்தே ஆடுகிறார்கள். உள்ளே ஒருவர் கையில் இருக்கும் மீன் பொரியல் தட்டு அவர் மடியிலிருந்து நகர்வதில்லை. கரையில் நிற்பவன் ஒரு கம்பை நீட்டிப் பரிசலைத் தொட்டால்தான் ஆட்டம் முழுவதும் அவன் கம்பில் தெரியும். சார்ஜில் இருக்கும் போன்தான் பரிசல். நீங்கள் கரையில் நிற்பவர். மரக்கட்டிலில் படுத்திருந்தாலும் உங்கள் உடம்புக்கும் தரைக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி இருக்கிறது. உங்கள் விரல்தான் கம்பு. விரல் படும் வரை போனுக்குத் தான் ஆடுவதே தெரியாது. பட்டதும் அத்தனை ஆட்டமும் அந்த ஒரு புள்ளி வழியே உள்ளே பாய்கிறது.

பாய்ந்தது எங்கே போகும்? விரலுக்கு அடியில் ஓடும் கேட்கும் கோட்டுக்கு. அந்தக் கோடு திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறது. அனுப்பும் கோடுகள் ஒவ்வொன்றாக முறை எடுக்கும்போது, அழுக்கான இந்தக் கோடு ஒவ்வொரு முறையும் தப்பான கணக்கையே கொடுக்கிறது. ஆகவே பேய் கண்ட இடத்தில் தோன்றாது. உங்கள் விரலோடு ஒரே நேர்கோட்டில், மேலோ கீழோ, அல்லது போனைப் பொறுத்துப் பக்கவாட்டில் தோன்றும். சார்ஜர் பேயின் கைரேகை இது.

இன்னொரு கைரேகையும் உண்டு. போனை மேசையில் வைத்து ஒற்றை விரலால் தட்டும்போது பேய் ஆடும். இன்னொரு கையால் போனை இறுகப் பிடித்துக்கொண்டு தட்டினால் குறையும், சில நேரம் மறைந்தேவிடும். பிடித்த கை உங்களைப் போனோடு இணைத்துவிடுகிறது. கரையில் நின்றவர் பரிசலுக்குள் ஏறிவிட்டார். இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், பத்து விநாடி போதும்.

நல்ல சார்ஜரில் இதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது. 'ஒய் கெப்பாசிட்டர்' என்பார்கள். பெரும்பாலும் நீல நிறத்தில், பொட்டுக்கடலையைவிடச் சற்றுப் பெரிய வட்டு, 1 நானோஃபாரட் வாக்கில் மதிப்பு. கசிந்து வந்த ஆட்டத்தை, அதாவது மின் இரைச்சலை, அது குறுக்கு வழியில் சார்ஜருக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. பல மலிவுச் சார்ஜர்களில் அதைப் போடவே மாட்டார்கள். அதைவிட மோசம், சாதாரண கெப்பாசிட்டரைப் போடுவது. அது ஷார்ட் ஆனால் லைன் மின்சாரம் நேராகப் போனுக்கும் உங்கள் கைக்கும் வரும். நல்ல ஒய் கெப்பாசிட்டர் வழியாகவும் சில பத்து மைக்ரோஆம்பியர் கசியத்தான் செய்யும். உலோக உடல் கொண்ட போனைச் சார்ஜில் புறங்கையால் தடவினால் மெல்லிய சுரசுரப்பு தெரிவது அதுதான். அதற்குப் பயப்பட வேண்டாம். சுரீர் என்று அடித்தால் மட்டும் அந்தச் சார்ஜரைத் தூக்கி எறியுங்கள்.

டச் ஐசியும் சும்மா இருப்பதில்லை. தன் சிக்னலை நிறுத்திவிட்டு ஒரு கணம் காது கொடுத்துக் கேட்கும். எந்த அதிர்வெண்ணில் இரைச்சல் அதிகமோ அதைவிட்டு வேறொன்றுக்குத் தாவும். ஒன்றும் பலிக்காவிட்டால் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜ் போட்டால் டச் மந்தமாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் சார்ஜரின் வெட்டும் வேகமும் நிலையாக இருப்பதில்லை. பல சார்ஜர்களில், பேட்டரி நிரம்ப நிரம்ப, இழுக்கும் கரண்ட் குறையக் குறைய அது மாறுகிறது. அது ஐசியின் அதிர்வெண்ணோடு மோதும் கட்டத்தில் மட்டும் பேய் வரும். "30 சதவீதத்தில் வந்தது, 90-இல் போய்விட்டது, ராத்திரி மட்டும்தான் வருகிறது" போன்ற கதைகளில் மாந்திரீகம் எதுவும் இல்லை.

போன் சார்ஜர்களின் இந்த இரைச்சலுக்கு எல்லை வகுக்கும் சர்வதேசத் தரநிலை 2011-இலேயே வந்துவிட்டது: ஐஇசி 62684. நம் ஊரில் வாங்கும்போது சார்ஜர் உடம்பில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அது பாதுகாப்புக்கான பதிவு, இரைச்சலுக்கான உத்தரவாதம் அல்ல. ஆனாலும் பதிவு எண்ணே இல்லாத சார்ஜரில் ஒய் கெப்பாசிட்டரை எதிர்பார்ப்பது வீண்.

சார்ஜர் இல்லாமலும் பேய் வருகிறதா? அப்படியானால் திரை எதை உணர்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன், அங்கே பில்ட் நம்பரை 7 முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் பாயின்டர் லொகேஷனை ஆன் செய்யுங்கள். விரல் போகும் தடம் கோடாகத் தெரியும், மேலே இடது மூலையில் எத்தனை விரல் என்ற எண் ஓடும். ஒற்றை விரல் வைத்திருக்கும்போது எண் 2 ஆனால் பேய் வந்துவிட்டது என்று பொருள். சாம்சங்கில் பல மாடல்களில் டயல் பேடில் *#0*# அடித்தால் டச் சோதனைக்குத் தனித் திரையே வரும். ஐபோனில் இந்த வசதி இல்லை; ஒரு ஆப் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுக்க இழுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கைநழுவினால் அங்கே டச் செத்திருக்கிறது.

விரலைத் திரை முழுக்க இழுக்கும்போது தடம் எப்படி அறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே பட்டையில் அறுந்தால், போன் கீழே விழுந்து உள்ளே ஒரு கடத்திக் கோடே போய்விட்டது, அல்லது திரையைப் போர்டோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் கனெக்டர் தளர்ந்திருக்கிறது. திட்டுத்திட்டாக அறுந்தால் டெம்பர்டு கிளாஸைச் சந்தேகியுங்கள். ஓரத்தில் மட்டும் பசை உள்ள கிளாஸில் நடுவே காற்று நிற்கும். காற்றின் மின்காப்பு மாறிலி 1, கண்ணாடிக்கு ஏறத்தாழ 7. அந்த மெல்லிய காற்றே சிக்னலைத் தின்றுவிடும். உரித்துவிட்டுச் சோதியுங்கள். யாரும் தொடாமல் மேசையில் கிடக்கும்போதே கண்டபடி துள்ளினால் ஈரம், விரிசல், அல்லது பேட்டரி உப்பல். போனைப் பக்கவாட்டில் பாருங்கள். திரை ஓரம் தூக்கியிருந்தால் அழுத்தி உட்கார வைக்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்த லித்தியம் பேட்டரி அது. அன்றைக்கே கடைக்குப் போக வேண்டிய விஷயம். இது எதுவுமே இல்லை, குறிப்பிட்ட ஒரு ஆப் வந்த பிறகுதான் தொல்லை என்றால் நாம் போட்ட ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாப் பழியும் திரைக்கே போக வேண்டியதும் இல்லை. ஐபோன் 6 பிளஸில் மேல் ஓரத்தில் சாம்பல் பட்டை மினுங்கி டச் செத்துப்போன கோளாறு பிரபலம். பல போன்களில் காரணம் போர்டில் இருந்த டச் ஐசியின் சால்டர் பிடிப்பு விட்டுப்போனது. திரை மாற்றியும் திரும்பத் திரும்ப வந்தது. 2016 நவம்பரில் ஆப்பிள் அதற்கென்று தனிப் பழுதுநீக்கத் திட்டமே அறிவித்தது. மறுபக்கம், பிக்சல்களே தாமாக ஒளிரும் அமோலெட் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்தால் அது டச்சே அல்ல. பேனலின் இணைப்புக் கோளாறு. ரீசெட் அடித்து யாரும் அதைச் சரிசெய்ய முடியாது.

நனைந்த போனை அரிசியில் புதைக்கும் சடங்கு பற்றி ஒரு வார்த்தை. அரிசி பெரிதாக எதையும் உறிஞ்சுவதில்லை. இரண்டு நாள் சும்மா கிடந்ததால் காய்ந்ததை அரிசியின் கணக்கில் எழுதுகிறோம், நேர்த்திக்கடன் போல. அரிசித் துகள் சார்ஜிங் போர்ட்டில் போய் அடைவதுதான் மிச்சம். ஆப்பிளே அரிசியில் போடாதீர்கள் என்கிறது. ஆஃப் செய்து, போர்ட்டைக் கீழ்நோக்கித் தட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள், சார்ஜ் போடாதீர்கள். உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ என்றால் காய்வதும் போதாது. பிரித்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கனெக்டரைத் துடைக்க வேண்டும்.

கடைக்குப் போவது என்று முடிவானால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடையோ, முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளே கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்த போன்களும் உண்டு. ஃபோல்டர் மாற்றியே ஆக வேண்டும் என்றால் அது அமோலெட்டா, டிஎஃப்டி (பின்னொளி வேண்டிய எல்சிடி வகை) காப்பியா என்று கேளுங்கள். அமோலெட் போனுக்கு டிஎஃப்டி போட்டால், திரைக்குள் இருக்கும் ஆப்டிகல் கைரேகை சென்சார் வேலை செய்யாது. டிஎஃப்டியின் பின்னொளி அடுக்கைத் தாண்டி அதனால் பார்க்க முடியாது. புதிய ஃபோல்டரை ஒட்டுவதற்கு முன்பே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து உங்கள் சார்ஜரைக் கையோடு கொண்டுபோய், அதைச் செருகி, போனை மேசையில் படுக்க வைத்து ஒற்றை விரலால் தட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே பேய் ஆடினால் பழைய ஃபோல்டரையே மாட்டித் தரச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் சார்ஜர் விலை கேளுங்கள்.