இல்லாத ஆட்கள் ஏன் வருகிறார்கள்?

பார்க்கின்சன் நோய் என்றதும் கை நடுக்கமும் தளர்ந்த நடையும்தான் நம் நினைவுக்கு வரும். 1817இல் அதை விரிவாக எழுதிவைத்த ஜேம்ஸ் பார்க்கின்சனே, புலன்களுக்கும் புத்திக்கும் பாதிப்பில்லை என்றுதான் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் அவர் கணிப்பு பொய்த்துவிட்டது. பல வருடம் இந்த நோயோடு இருப்பவர்களில் கணிசமானோர் இல்லாத ஆட்களைப் பார்க்கிறார்கள். "வாசல்ல ரெண்டு சின்னப் பிள்ளைக நிக்குது, அதுகளுக்கும் ஒரு வாய் சோறு போடு தாயி" என்று தங்கச்சிமடத்து மாமனார் ஒருவர் மருமகளிடம் சொல்லக்கூடும். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பேசுவதில்லை, பயமுறுத்துவதும் இல்லை. வெளிச்சம் மங்கிய பிறகுதான் அதிகம் வருவார்கள்.

கண் அனுப்பும் தகவல் எப்போதுமே அரைகுறைதான். மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இந்த நோயில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவதால் விழித்திரையின் கூர்மை மழுங்குகிறது. கவனத்தை நிலைநிறுத்தும் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளும் குறைகிறது. கண்புரையும் சேர்ந்தால் ஊகத்துக்குக் கடிவாளமே இல்லை: திண்ணையோரம் தொங்கும் வலை ஆளாக எழுந்து நிற்கும். கனவுக்கும் விழிப்புக்கும் நடுவே உள்ள வேலியும் இந்த நோயில் பழுதாகிறது. தூக்கத்தில் கத்துவதும் எட்டி உதைப்பதும், நடுக்கம் தொடங்கப் பல வருடம் முன்பே சிலருக்கு வந்துவிடும்.

போதாததற்கு மாத்திரை. மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபாதான் இந்த நோய்க்கு முக்கிய மருந்து. அது உடல் அசைவுக்கான பாதைக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை, உணர்ச்சி சார்ந்த பகுதிகளிலும் டோபமினை ஏற்றிவிடுகிறது. குறைத்தால் உடம்பு விறைக்கிறது, கூட்டினால் ஆட்கள் வருகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பூனைக்காலி விதைப் பொடியில் இருப்பதும் அசல் லெவோடோபாதான். மருத்துவரிடம் சொல்லாமல் அதையும் சாப்பிட்டால் அவர் போட்ட கணக்கு தப்பிவிடும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்: சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவு. ராத்திரி எழுந்து போகப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே தொடாத பெரியவர்கள் பலர். ராமநாதபுரத்துக் கரையில், அதுவும் சித்திரை வெயிலில், இது ஒன்றே போதும். குடிதண்ணீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் இன்னொரு சொம்பு கேட்கவும் கூச்சப்படுவார்கள்.

உடம்பில் கோளாறில்லை என்றால் மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைப்பார்கள். வழக்கமாக முதலில் நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிஃபெனிடில், பிறகு அமன்டடின், பிரமிபெக்சோல் போன்றவை, கடைசியில்தான் லெவோடோபா. இதை வீட்டில் செய்யக்கூடாது. சட்டென்று நிறுத்தினால் காய்ச்சலும் கடும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் அதிகம் அஞ்சுவது ஒரு ஊசிக்கு. ராத்திரி கூச்சல் போடுகிறவரை அடக்க ஹாலோபெரிடால் போட்டுவிடுவார்கள். அது மூளையில் டோபமின் போய் ஒட்டும் இடங்களை (ஏற்பிகளை) அடைக்கும் மருந்து. ஏற்கெனவே டோபமின் வற்றிய மூளையில் அது போய் உட்கார்ந்தால் நடந்தவர் படுக்கையாகிவிடலாம், விழுங்கவும் முடியாமல் போகலாம். பார்க்கின்சனோடு நெருங்கிய உறவுள்ள மறதி நோயான லூயி உடல் டிமென்ஷியா உள்ளவர்களுக்கு உயிரே போகக்கூடும். அதேபோல மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன், ஓலன்சபைனும் இவர்களுக்கு ஆகாது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் "இவருக்குப் பார்க்கின்சன் இருக்கு" என்று வீட்டார் முதலில் சொல்லிவிட வேண்டும்.

பேய் பிடித்ததென்று ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரைப் பையும் கூடப் போகட்டும், யாரையும் எங்கும் கட்டிப்போட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய உண்டு. இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடலாம், கண்புரையை எடுத்துவிடலாம், நிழல் விழும் மூலையை ஒழிக்கலாம். "அங்க யாருமில்லப்பா" என்று மல்லுக்கு நிற்பதைவிட, "எனக்குத் தெரியல மாமா, உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்புவது பலன் தரும். அவருக்குப் பயமில்லை, பார்ப்பது நிஜமில்லை என்றும் தெரிகிறது என்றால் மருந்தே வேண்டியிருக்காது.

மறதியும் சேர்ந்திருந்தால் ரிவாஸ்டிக்மின் சிலருக்குக் கைகொடுக்கிறது. சந்தேகமும் பயமும் முற்றினால் மிகக் குறைந்த அளவில் குவெட்டியாபின் அல்லது குளோசபைன் தருவார்கள். சான்று வலுவாக இருப்பது குளோசபைனுக்குத்தான். ஆனால் அது அரிதாக வெள்ளை அணுக்களைச் சரித்துவிடும் என்பதால், தொடக்க மாதங்களில் வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். நடக்க முடியாதவரை வாராவாரம் ராமேஸ்வரம் தீவிலிருந்து பாலம் தாண்டிக் கூட்டி வருவது லேசான காரியமில்லை. அதனால்தான் பல மருத்துவர்கள் குவெட்டியாபினில் தொடங்குகிறார்கள்.