பட்டன் கத்தி வாங்கப் போகிற தம்பிகளுக்கு

கடற்கரை ஊர்களின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவனுக்குக் கை காயம் புதிதில்லை. திருக்கை முள், நைலான் கயிறு, கயிறு இழுக்கும் வின்ச் மெஷினில் மாட்டிய விரல் என்று எல்லாம் வரும். சில வருடங்களாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: பட்டனை அமுக்கினால் டக்கென்று விரியும் கத்தி. ஆன்லைனில் வாங்கியது, வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, கூட்டாளி பரிசாகக் கொடுத்தது. போன வாரம் பாம்பன் பக்கத்துத் தம்பி ஒருவர் ரத்தத்தில் ஊறிய துண்டைப் பிரித்துக்கொண்டே, “கத்தி நல்ல கத்திதான் சார், அதுவா மூடிக்கிச்சு” என்றார். அதுவாக மூடிக்கொள்கிற கத்தி எந்தக் கணக்கில் நல்ல கத்தி?

இந்தக் கத்தியை வாங்க எல்லோரும் சொல்லும் நியாயம் ஒன்றுதான். “கால்ல கயிறு சுத்திக்கிட்டா ஒரு கையாலதானே சார் திறக்கணும்?” சரி, வலை இறங்கும்போது கயிற்றுச் சுருளில் கால் மாட்டினால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும், ஒரு கை எதையாவது இறுகப் பிடித்திருக்கும். அதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் கத்தி எங்கே இருக்கிறது? நனைந்து ஒட்டிய கால்சட்டைப் பையின் அடியில். அதை எடுக்க வேண்டும், பட்டன் தானாக அமுங்காமல் தடுக்கும் சேஃப்டியைத் தள்ள வேண்டும், மீன் வழுக்கலோடு பட்டனைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும், அலகு எந்தப் பக்கம் விரியும் என்று தெரிந்து பிடிக்க வேண்டும். உப்பேறிய ஸ்பிரிங் பாதியில் நின்றுவிட்டால் கதை முடிந்தது. இடுப்பில் உறையோடு தொங்கும் மடங்காத கத்தியை உருவினாலே போதும், வேலை ஆரம்பித்துவிடும். திறக்கவே தேவையில்லாத கத்தியை எந்த ஸ்பிரிங்கும் முந்த முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும், “இது செம ஸ்பீடு சார்” என்று திரும்பவும் பட்டனை அமுக்கிக் காட்டுகிறார்கள், அதுவும் கட்டுப் போட்ட கையால்!

கத்தி மெதுவாகத் திறந்ததால் வெட்டிக்கொண்டேன் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. வருகிறவர்கள் எல்லாம் மூடும்போது வெட்டிக்கொண்டவர்கள், விரிந்த அலகைப் பிடித்து நிறுத்தும் லாக் நழுவி வெட்டிக்கொண்டவர்கள், பைக்குள்ளேயே கத்தி விரிந்து சாவி எடுக்கக் கை விட்டவர்கள். தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கைப்பிடியின் முன்பக்கமாக நேராக அலகு வெளியே வரும் ரகம் ஒன்று உண்டு. வழியில் எதிலாவது இடித்தால் அது லாக் ஆகாமல் பாதியில் தொளதொளவென்று நிற்கும். அதை விரலால் இழுத்துச் சரிசெய்யப் போகிறவர்கள் தனி ரகம்.

காயத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கத்தி மூடிக்கொள்ளும்போது விரல்கள் பிடியைச் சுற்றி மடங்கியிருக்கும். வெட்டு விரலின் உள்பக்கம், மடிப்புக்குப் பக்கத்தில் விழும். வெளியே பார்த்தால் அரை அங்குலக் கீறல்தான். உள்ளே கட்டைவிரலைத் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மடக்குகிற டெண்டன்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக உணர்வு நரம்புகள். மடங்கிய நிலையில் டெண்டன் அறுந்தால், விரலை நீட்டியதும் அறுந்த முனை விரல் நுனிப் பக்கமாகத் தள்ளிப் போய்விடும். காயத்துக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும். மேல்தோலுக்கு நாலு தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து, “விரல் மடங்க மாட்டேங்குது” என்று வருவார்கள். அதற்குள் டெண்டன் சுருங்கிவிடும். முதல் சில நாட்களில் நேராகத் தைக்கக்கூடியதை அப்புறம் வேறு இடத்திலிருந்து டெண்டன் எடுத்து ஒட்டவேண்டி வரலாம்.

அதனால் வீட்டிலேயே ஒன்று பாருங்கள். விரலின் நடு மூட்டை மறு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். நுனி அசையவில்லையா, விரலின் ஒரு பக்கம் மரத்திருக்கிறதா, கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் இருக்கும் ஊருக்கு அன்றே கிளம்புங்கள். “விரல் மடங்குதே” என்று திருப்திப்பட வேண்டாம். இரண்டில் ஒரு டெண்டன் மிச்சமிருந்தாலும் நடு மூட்டு மடங்கத்தான் செய்யும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். டெண்டன் தைத்த கை பாரம் தூக்க அதைவிட அதிகமாக, சுமார் 12 வாரம் ஆகும். சீசனில் கையை அறுத்துக்கொண்டால் கடனுக்கு யார் வட்டி கட்டுவது?

இவ்வளவு சொன்ன பிறகும் பட்டன் கத்திதான் வேண்டும் என்றால், வாங்குங்கள், ஆனால் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் பிரிக்க, பழம் நறுக்க மூன்று அங்குலத்துக்குள் அலகு தாராளம். பட்டன் கைப்பிடியில் பதிந்திருக்க வேண்டும், துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. சேஃப்டி நகரும்போது அழுத்தம் தெரிய வேண்டும். திறந்த கத்தியின் முதுகை, விரல்களை அலகின் பாதையில் வைக்காமல், ஒரு மரக்கட்டையில் தட்டிப் பாருங்கள். லாக் அசைந்தால் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் பிளேடை ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திவிட்டு எறிந்துவிடுகிறோம், அது உப்புக்காற்றில் வருடக்கணக்கில் நிற்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. டி2 என்ற ஸ்டீல் கூர்மை நன்றாகத் தாங்கும், ஆனால் நம் மண்டபம் ஊர் உப்புக்காற்றுக்குப் புள்ளிப் புள்ளியாகத் துருப்பிடிக்கும். எச்1 போன்ற நைட்ரஜன் கலந்த ஸ்டீல்கள் உப்புக்கு அசையாது. விலை கையைக் கடிக்கும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், உள்ளே பிசினாகி மணலைப் பிடித்துவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

கடலுக்கு மடங்காத கத்தி. முனை மழுங்கியது, ஏனென்றால் படகு ஆடும். நைலான் அறுக்க ஓரத்தில் ரம்பப்பல் இருந்தால் நல்லது. தண்ணீர் வடிய ஓட்டையுள்ள பிளாஸ்டிக் உறை. தோல் உறை உப்பைக் குடித்துக்கொண்டு இருக்கும்.

சட்டம் என் துறை இல்லை, ஆனாலும் வீடியோ பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீடியோக்களில் பேசுகிறவர்களில் பலர் அமெரிக்கர்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நம் நாட்டிலேயே டெல்லியில் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய பட்டன் கத்தி வைத்திருந்தால் ஆயுதச் சட்ட வழக்கு வரும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபரில் கூட்டம் கூடத் தடை உத்தரவு போடுவது வழக்கம். அந்த நாட்களில் சோதனைச் சாவடியில் பட்டன் கத்தியோடு நின்று, “மீன் அறுக்க சார்” என்று சொல்லிப் பாருங்கள்.

வெட்டிவிட்டால்: சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். கையை மேலே தூக்குங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். காப்பித்தூள், மஞ்சள், புகையிலை எதுவும் வேண்டாம். அதைச் சுரண்டி எடுப்பதற்கே எங்களுக்கு அரை மணி நேரம் போகிறது. விரலில் ரப்பர் பேண்ட் கட்டாதீர்கள். விரல் துண்டாகவே விழுந்தால் (அது பெரும்பாலும் வின்ச் செய்யும் வேலை) ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸில் வையுங்கள். படகில் ஐஸ் இருக்கிறதே என்று விரலை நேராக மீன் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், கத்தி என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து “தகரம் கிழிச்சிருச்சு” என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பதிவேட்டில் தானே வெட்டிக்கொண்டது என்று எழுதுவதால் உங்களுக்கு ஒரு கேடும் வராது. எந்தக் கத்தி, கை மூடியிருந்ததா, கடல் தண்ணீர் பட்டதா, மூன்றும் எனக்குத் தெரிய வேண்டும். சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உள்ளவர் என்றால் கடல்நீரில் இருக்கும் விப்ரியோ கிருமி ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும் அளவு ஏறக்கூடும். கடல் பட்ட காயத்துக்கு நாங்கள் எழுதும் மருந்தே வேறு.