டைப்பைத் தேர்ந்தெடுப்பது யார்?

போன வாரம் இரவு 11.30 மணிக்கு அழைப்பு வந்தது. வாடிக்கையாளர்களுக்குத் தகவல் அனுப்பும் எங்கள் சர்வீஸ் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக்கூடாத மெமரியைத் தொட்டால் வரும் பிழை) அடித்து விழுந்து கிடக்கிறது என்றார்கள். அது ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதியது. ஒரு மதிப்பு எந்த வகை என்று சொல்வதுதான் டைப்; டைப்கள் பொருந்துகின்றனவா என்று புரோகிராம் ஓடும் முன்பே கம்பைலர் சரிபார்த்துவிடும். ஹாஸ்கெல் புரோகிராம் அப்படிச் சாகிறதென்றால், பெரும்பாலும் யாரோ எங்கோ கம்பைலரின் வாயைக் கட்டியிருக்கிறார்கள். தேடினேன். அன்சேஃப்கோயர்ஸ்! எந்தச் சோதனையும் இல்லாமல் ஒரு டைப்பை இன்னொரு டைப்பாக நம்பச் சொல்லும் ஃபங்க்ஷன் அது.

எழுதிய தம்பி நல்ல உழைப்பாளி, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் டைப்பைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற இதே குழப்பத்தை ரிவ்யூவில் திரும்பத் திரும்பத் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. இந்த முறை என் கண்ணில் படாமலே புரொடக்ஷனுக்குப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு வேண்டியது எளியது. செட்டிங்ஸைப் பார்த்து எஸ்எம்எஸ், மின்னஞ்சல் இரண்டில் ஒன்றைத் தரும் ஃபங்க்ஷன். இரண்டுக்கும் ‘அனுப்பி’ என்ற டைப் கிளாஸில் இன்ஸ்டன்ஸ் இருந்தது. ஒரு டைப்புக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்ற பட்டியல்தான் டைப் கிளாஸ்; ஒரு டைப் அதை எப்படிச் செய்கிறது என்று எழுதுவது இன்ஸ்டன்ஸ். அவர் எழுதிய டைப் இது:

அனுப்பி அ => செட்டிங்ஸ் -> அ

அதாவது செட்டிங்ஸை வாங்கி ‘அ’வைத் தரும், அந்த ‘அ’ அனுப்பி கிளாஸில் இருக்கும் ஒரு டைப். “ஏதோ ஓர் அனுப்பியைத் தருவேன்” என்று இதைப் படித்திருக்கிறார். ஜாவா, கோ மொழிகளிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் படிக்கிறார்கள். அங்கே இன்டர்ஃபேஸைத் திருப்பித் தந்தால் அதுதான் பொருள். இங்கே பொருள் நேர் எதிர்: “நீங்கள் எந்த அனுப்பியைக் கேட்டாலும் அதையே தருவேன்.” ‘அ’ எது என்று முடிவு செய்வது ஃபங்க்ஷனை அழைக்கிறவர், எழுதுகிறவர் அல்ல.

இன்னும் புரியவில்லையா? இரண்டு சாப்பாட்டுக் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ‘எந்த டிபன் கேட்டாலும் கிடைக்கும்’ என்று போர்டு. வாடிக்கையாளர் இடியாப்பம் கேட்டால் இடியாப்பம்தான் வைக்க வேண்டும். இட்லியை வைத்துவிட்டு “இதுவும் டிபன்தானே” என்று சொல்ல முடியாது. இன்னொன்று மெஸ். இன்றைக்கு என்ன செய்தார்களோ அதுதான் இலைக்கு வரும். உட்காரும் முன் உங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வருவது டிபன், சாப்பிடலாம். தம்பி மெஸ் நடத்த நினைத்து முதல் கடையின் போர்டை மாட்டிவிட்டார். ‘அனுப்பி அ => [அ]’ என்று எழுதிவிட்டுக் கலவையான பட்டியல் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் இதே தவறுதான். அந்தப் பட்டியலில் எல்லாமே ஒரே டைப்.

கம்பைலர் இதைத்தான் சொன்னது. ‘ரிஜிட் டைப் வேரியபிள்’ என்று வரும் அந்தப் பிழைச்செய்தி, “இந்த டைப்பை முடிவு செய்யும் உரிமை உனக்கில்லை” என்கிறது. அதை வாயடைக்கத்தான் அன்சேஃப்கோயர்ஸ். அழைத்த இடத்தில் எஸ்எம்எஸ் என்று எழுதியிருந்தார், டெஸ்ட் செட்டிங்ஸிலும் எஸ்எம்எஸ்தான். டெஸ்ட் எல்லாம் பச்சை. அன்று இரவு யாரோ செட்டிங்ஸை மின்னஞ்சலுக்கு மாற்றினார்கள். டிக்ஷனரி (இன்ஸ்டன்ஸின் ஃபங்க்ஷன்களைக் கம்பைலர் கட்டித் தரும் பட்டியல்) எஸ்எம்எஸ்ஸுடையது, மதிப்பு மின்னஞ்சலுடையது. அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மெஸ்ஸுக்கான கருவிதான் எக்ஸிஸ்டென்ஷியல் டைப். மதிப்பையும் அதற்கான டிக்ஷனரியையும் ஒரே கன்ஸ்ட்ரக்டருக்குள், அதாவது ஒரே உறைக்குள், வைத்து மூடிவிடுவது. ‘ஏதோ ஒன்று’ என்பதற்கு ஏன் ‘எல்லாவற்றுக்கும்’ என்று பொருள்படும் ஃபார்ஆல் எழுதுகிறோம் என்று கேட்காதவரே இல்லை. பொட்டலம் கட்டுகிறவர் எந்த டைப்பையும் வைக்கலாம், அந்த ‘எந்த’தான் ஃபார்ஆல். பிரிக்கிறவருக்கு அது எதுவென்று தெரியாது. ஜிஏடிடி என்ற எழுத்துமுறையில் எழுதுங்கள், கன்ஸ்ட்ரக்டரின் முழு டைப்பும் கண்ணுக்கு முன் நிற்கும், பாதிக் குழப்பம் போய்விடும்.

ஆனால் இதைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே அடுத்த நோய் தொடங்குகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் பொட்டலம் கட்டுகிறார்கள். ‘ஷோ’ (மதிப்பை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்தாக, காட்டும் டைப் கிளாஸ்) கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது நிபந்தனை, மட்டும் போட்டு ஒரு பொட்டலப் பட்டியல் பார்த்தேன். பிரித்த பிறகு அதை ஷோ செய்வதைத் தவிர உருப்படியாக வேறொன்றும் செய்ய முடியாது. அப்படியென்றால் நேராக ஸ்ட்ரிங் பட்டியலே வைத்துக்கொள்ளுங்களேன்! ஹாஸ்கெல் சோம்பேறி மொழி. தேவைப்படும்வரை அந்த ஸ்ட்ரிங்கை உருவாக்கவே உருவாக்காது. ‘ஈக்யூ’ (இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் டைப் கிளாஸ்) போட்டுக் கட்டினாலோ இன்னும் மோசம். இரண்டு பொட்டலங்களுக்குள் இருப்பது ஒரே டைப் என்று யார் சொன்னது? ஒப்பிடவே முடியாது. ரஸ்ட் மொழியில் டின் டிரெய்ட் (அங்கே உள் டைப்பை மறைக்கும் பொட்டலம்) எழுதுகிறவர்களும் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

1985-இல் மிட்செல், பிளாட்கின் என்ற கணினியியல் ஆய்வாளர்கள் எக்ஸிஸ்டென்ஷியல் டைப்பைப் பற்றி எழுதியபோது பேசியது உள்ளமைப்பை மறைக்கும் அப்ஸ்ட்ராக்ட் டைப்களைப் பற்றி. அதற்குப் பயன்படுத்தும்போதுதான் இது அழகாக இருக்கிறது. இடையில் பட்டியல்களை உருவாக்காமல் பட்டியல் வேலைகளை ஒன்றாக்கும் ஸ்ட்ரீம் ஃப்யூஷனைப் பாருங்கள். அடுத்த அடி எடுத்துவைக்கும் ஃபங்க்ஷன் ஒன்று, உள்நிலை ஒன்று. அந்த உள்நிலையின் டைப் வெளியே யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அங்கே டைப் கிளாஸ் கன்ஸ்ட்ரெயின்டே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உள்ளே இருப்பது என்னவென்று திரும்பக் கண்டுபிடிக்க வேண்டுமானால் டைப்பபிள் (ஓடும்போது டைப்பை அடையாளம் சொல்லும் டைப் கிளாஸ்) வேண்டும். எந்த எக்ஸெப்ஷனையும் (ஓடும்போது எழும் பிழையை) உள்ளே வைக்கும் ஹாஸ்கெலின் சம்எக்ஸெப்ஷன் அப்படித்தான் வேலை செய்கிறது. அதற்காக எல்லா இடத்திலும் சம்எக்ஸெப்ஷனைப் பிடித்து விழுங்காதீர்கள். த்ரெட்டை, அதாவது இணையாக ஓடும் வேலையை, நிறுத்தச் சொல்லி வரும் எக்ஸெப்ஷனும் அதோடு சேர்ந்து போய்விடும்.

எஸ்எம்எஸ், மின்னஞ்சல் போன்ற சேனல்கள் மொத்தம் எத்தனை என்று உங்களுக்கே தெரியுமா? சாதாரண டேட்டா டைப்பில் இரண்டு கன்ஸ்ட்ரக்டர் எழுதுங்கள். தெரியாதா? ‘அனுப்பு’ என்ற ஃபங்க்ஷனை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்டு (பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு) எழுதுங்கள். முக்கால்வாசி இடங்களில் வேலை இங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகும் எக்ஸிஸ்டென்ஷியல் தேவைப்பட்டால் தாராளமாக எழுதுங்கள், லெட்டில் (மதிப்புக்குப் பெயர் வைக்கும் அமைப்பு) பிரிக்கப் பார்க்காமல் கேஸில் (கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்துப் பிரிக்கும் அமைப்பு) பிரியுங்கள். பிழைச்செய்தியை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். பிடிபடவில்லையென்றால் அன்சேஃப்கோயர்ஸைத் தொடும் முன் யாரையாவது கேளுங்கள், என்னையே கேளுங்கள், எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

தம்பியும் நானும் மறுநாள் காலை உட்கார்ந்து அதை ரெக்கார்டாக மாற்றினோம். டைப் கிளாஸும் போயிற்று, இரண்டு இன்ஸ்டன்ஸும் போயிற்று. எழுதிய நிரல் பாதியாகச் சுருங்கியது.