சிமுலேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனால் சிமுலேஷன் லேப், சிமுலேஷன் தேர்வு என்று இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அப்படியென்றால் என்னவென்று கேட்டால் நெஞ்சை அமுக்கிப் பழகும் ரப்பர் பொம்மையைக் காட்டுவார்கள். நிஜச் சூழலைப் போலவே ஒன்றை உண்டாக்கி அதில் பழகுவதும் சோதிப்பதும்தான் சிமுலேஷன். பொம்மை அதில் ஒரு கருவி, அவ்வளவுதான்.

லத்தீனில் சிமிலிஸ் என்றால் 'போன்ற' என்று பொருள். அதிலிருந்து வந்தது சிமுலாரே, அதாவது 'போலச் செய்'. ஆங்கிலத்தில் இந்தச் சொல் ரொம்ப காலம் பாசாங்கு, ஏமாற்று என்ற பொருளில்தான் புழங்கியது. விமானிகளைத் தரையிலேயே உட்காரவைத்துப் பழக்கும் எந்திரங்கள் 20ஆம் நூற்றாண்டில் வந்த பிறகே பயிற்சி என்ற மரியாதையான பொருள் அதற்கு நிலைத்தது.

மருத்துவத்தில் இந்த வழக்கம் சொல்லைவிடப் பழையது. சுரைக்காயையும் வெள்ளரிக்காயையும் அறுத்துப் பழகு, தாமரைத் தண்டில் குத்திப் பழகு என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்கிதை. சீனாவில் 1027ஆம் ஆண்டுவாக்கில் வாங் வெய்யி என்பவர் ஆளுயர வெண்கல உருவங்களை வார்க்கச் செய்தார். ஊசி குத்தவேண்டிய புள்ளிகளில் இருந்த துளைகளை மெழுகு பூசி மறைத்து, உள்ளே நீரை நிரப்பி, அக்குபஞ்சர் மாணவரின் கையில் ஊசியைக் கொடுப்பார்களாம். சரியான புள்ளியில் குத்தினால் நீர் கசியும், இல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை.

ஆனால் இதெல்லாம் கையையும் நினைவாற்றலையும் சோதிப்பது. ஒரு மருத்துவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை எதை வைத்துச் சோதிப்பது? 1960களில் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கி மாணவர்கள் முன் உட்காரவைத்தார். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு முறையை வெளியிட்டார்கள். மணி அடிக்க அடிக்க மாணவர் ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும், எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் பட்டியல்.

சிமுலேஷன் தேர்வில் ஒரு காட்சியைப் பாருங்கள். நெஞ்சுவலியோடு ஒருவர், இசிஜியில் இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பு, ரத்த அழுத்தம் 100/60. மாணவர் உடனே நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைக் கொடுக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேர்வாளர் மானிட்டரில் அழுத்தத்தை 70க்கு இறக்குகிறார், ஏனென்றால் இதயத்தின் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் இந்த மாத்திரையால் நிஜத்திலும் அப்படித்தான் நடக்கும். வலப்பக்க இசிஜி எடுத்துப் பார்க்கத் தோன்றியதா, அழுத்தம் இறங்கியதும் கைகட்டி நின்றாரா, சலைன் ஏற்றி சீனியரைக் கூப்பிட்டாரா என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. எழுத்துத் தேர்வில் இதை எப்படிப் பார்ப்பது? உயிருள்ள நோயாளியிடம் பார்க்கவே கூடாது.

சரி, தமிழுக்கு வருவோம். 'உருவகப்படுத்தல்' பரவலாக இருக்கிறது, ஆனால் உருவகம் என்றதும் நமக்கு அணி இலக்கணம்தான் நினைவுக்கு வரும். 'போலி' என்று தொடங்கும் எதுவும் வேண்டாம், போலி டாக்டர் கைது என்ற செய்தி போதாதா? 'ஒத்திகை' பயிற்சிக்கு அழகாகப் பொருந்தும், தேர்வுக்குப் பொருந்தாது. 'பாவனை' எனக்குப் பிடித்த சொல், ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர், அங்கே குழப்பம் வரும். ஆக, இரண்டு பக்கமும் இடறாமல் செல்லக்கூடியது 'ஒப்புருவாக்கம்'. லத்தீன் வேரில் உள்ள 'போன்ற' என்ற கருத்தும் அதில் இருக்கிறது. 'ஒப்புருவாக்கத் தேர்வு' என்று தாராளமாக எழுதலாம். நடிக்க வருபவரை மட்டும் 'நோயாளியாக நடிப்பவர்' என்றே சொல்லிவிடலாம், அதற்குத் தனிச் சொல் கட்டவேண்டியதில்லை.

அப்புறம், இந்தத் தேர்வு சோதிக்கும் அந்த முடிவெடுக்கும் திறன், ஆங்கிலத்தில் கிளினிக்கல் டெசிஷன் மேக்கிங். கிரேக்கத்தில் கிளினே என்றால் படுக்கை, கிளினிக்கல் என்பது நோயாளியின் படுக்கையருகே நடப்பது. தமிழில் 'மருத்துவ முடிவெடுப்பு' என்றால் போதும். 'மருத்துவத் தீர்மானம்' என்று மட்டும் எழுதாதீர்கள், சங்கக் கூட்டத்தில் கைதூக்கி நிறைவேற்றியது போல இருக்கிறது.